சேலையின் கடைசி வேலை

மக்காச்சோளம் பால்பிடிக்கிற மாதங்களில் தொப்பம்பட்டிப் பக்கம் பஸ்ஸில் வந்தால் சாலையின் இரண்டு புறமும் சேலைகள் தெரியும். கொடியில் காயும் சேலைகள் இல்லை. காட்டைச் சுற்றிக் குச்சி நட்டு, இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டியவை. சிவப்பு, மஞ்சள், வாடாமல்லி, வெளுத்துப்போன ரேஷன் கடை நீலம். காட்டுப்பன்றி நிறத்தைப் பார்த்து ஆளிருக்கிறதென்று திரும்பிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மயிலுக்கும் அதே வைத்தியம்தான். வீட்டில் இருக்கிற சேலை போதாவிட்டால் பழைய துணி வியாபாரிகளிடம் கட்டுக்கட்டாக வாங்கிவந்தும் கட்டுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு என்னோடு அந்த வழியாகக் காரில் வந்த சக பேராசிரியர் ஒருவர் ஜன்னலை இறக்கிப் போட்டோ எடுத்தார். "பாத்தீங்களா மேடம், நம்ம விவசாயியோட மூளைய! பைசா செலவில்ல. மறுபயன்பாடு மறுபயன்பாடுன்னு உலகம் இப்பத்தான் பேசுது. நம்மாளு எப்பவோ செஞ்சுட்டான்."

செஞ்சுட்டான். அந்த 'ஆன்' விகுதியில்தான் எனக்கு இந்தக் கட்டுரை ஆரம்பித்தது. இலக்கணம் படித்தவளுக்கு இந்த வியாதி உண்டு, வினைமுற்றைக் கேட்டதும் எழுவாயைத் தேடுவது. குச்சி நட்டது அவனாக இருக்கலாம். சேலை யாருடையது? அது பழசாகிவிட்டது என்று யார் சொன்னது?

எங்கள் காட்டிலும் அப்படி ஒரு வேலி உண்டு. அதில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை இருந்தது. சின்னாளபட்டிச் சேலை. என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அன்று அம்மா கட்டிவந்து, பல்கலைக்கழக மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு வார்த்தை புரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த சேலை. ஓரத்தில் ஒரு கிழிசல்தான். உடுத்தித் துவைத்துக் கொடியில் போட்டிருந்ததை அப்பா எடுத்துப்போய்க் கட்டிவிட்டார். "பழசுதான" என்றார் நான் கேட்டபோது. அம்மா எதுவும் சொல்லவில்லை. காட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைக் கடக்கையில் மட்டும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவாள். அதைக் கவனிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

வீட்டுப் பொருளைத் தூக்கி எறியாதே, வேறொன்றாக்கு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் சொல்கிறது, பள்ளிக்கூடம் சொல்கிறது, அரசாங்கம் சொல்கிறது. சொல்பவர்கள் எவரும் சொல்லாமல் விடுவது ஒன்று. அந்த 'ஆக்கு' என்கிற ஏவல் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது?

என் அம்மாவின் சேலைக் கணக்கைச் சொல்கிறேன். இது தெரியாத பெண் எங்கள் தலைமுறையில் யாரும் இருக்கமாட்டார்கள், ஆனால் ஆண்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். புதுச் சேலை முதலில் விசேஷத்துக்கு. நிறம் மங்கினால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும். அதற்குப் பிறகு வீட்டுக்கு, அதற்கும் பிறகு காட்டுக்கு. முந்தானை நைந்தால் இரண்டாகக் கிழித்து, நைந்த பகுதியை நடுவில் வராமல் மாற்றி மூட்டித் தைத்து இன்னும் ஒரு வருடம். வீட்டில் பிள்ளை பிறந்தால் நல்ல நூல் சேலையாகப் பார்த்துத் தொட்டில். அதற்குப் புதுச் சேலை கட்டமாட்டார்கள், பழசுக்குத்தான் மெதுமெதுப்பு. நானும் என் தம்பியும் ஒரே சேலையில் தூங்கியவர்கள். தொட்டில் அவிழ்ந்ததும் அது நான்கு மடிப்பாகி, மேலும் இரண்டு பழஞ்சேலைகளோடு சேர்ந்து, ஓரம் தைத்துப் படுக்கைவிரிப்பு. அதன் மிச்சம் தலையணைக்குள் திணிப்பு. அதற்கும் பிறகு தண்ணீர்க் குடத்துக்கும் விறகுக் கட்டுக்கும் சும்மாடு. அடுப்படியில் சட்டி இறக்கப் பிடிதுணி. லாந்தர் கண்ணாடி துடைக்க, சைக்கிள் துடைக்க, மாட்டின் மடி துடைக்க. அப்பாவின் வெள்ளை வேட்டி என்றால் விளக்குத் திரி.

இந்தப் பட்டியலில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். பிறகு வருகிறேன். எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அதுதான்.

அப்பாவும் பழசை வீணாக்காதவர்தான். தேய்ந்த லாரி டயரை அறுத்து மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்தார், சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டுக்கயிறாக்கினார், மோட்டார் ரூமின் பழைய பெல்டைக் கதவுக்குக் கீலாக அடித்தார். ஊரில் அவருக்கு 'இஞ்சினியர்' என்று பெயர். திண்ணையில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்கச் செய்வார், பார்த்தவர்கள் யோசனை கேட்டுப் போவார்கள். அம்மா இரவில் சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, நாற்பது வாட்ஸ் குண்டு பல்புக்கடியில் உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று மூட்டிச் சோளம் காயப்போடப் படுதா தைப்பாள். கோணி ஊசி குத்தாத விரல் அவளுக்கு இல்லை. அதற்கு ஊர் வைத்த பெயர் சிக்கனம். அவர் செய்தால் அறிவு, அவள் செய்தால் குணம். அறிவுக்குப் பாராட்டு உண்டு. குணம் இருந்தாக வேண்டியது, இல்லாவிட்டால்தான் பேச்சு வரும். "கையில ஒண்ணும் நிக்காது அவளுக்கு" என்று.

இந்தக் குணத்தை அரசுகள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் 1941 ஜூன் மாதம் துணிக்கு ரேஷன் கொண்டுவந்தது. 1943இல் இருப்பதை ஒட்டுப்போட்டு உடுத்துங்கள் என்று ஒரு கையேடே வெளியிட்டது. அந்தப் பிரசாரத்துக்கு ஒரு பொம்மையைச் சின்னமாக வைத்தார்கள். பெயர் மிஸஸ் ஸோ அண்டு ஸோ. மிஸ்டர் அல்ல. நம் ஊரில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். இரண்டையும் நான் வரவேற்கிறேன், என் கைப்பையிலும் மஞ்சள் பை இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் பை போன நாளிலிருந்து வீட்டில் யாருக்கு வேலை கூடியது என்று யோசித்துப் பாருங்கள். பையைத் துவைப்பது, காயவைப்பது, மடித்துவைப்பது, வெளியே கிளம்புகிறவர் கையில் ஞாபகமாகக் கொடுத்தனுப்புவது, அவர் கடையில் மறந்துவிட்டு வந்தால் இன்னொன்று தைப்பது. கம்பெனிகள் தயாரித்துத் தள்ளிய குப்பையின் கணக்கை ஒரு குடும்பத்தலைவியின் ஊசிமுனையில் நேர்செய்யப் பார்க்கிறோம்.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாருக்காகக் கூலியில்லா வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உழைத்து முடித்தவளிடம்தான், தேங்காய்ச் சிரட்டையை வீணாக்காதே, அதில் அழகாகப் பேனா ஸ்டாண்டு செய்யலாமே என்று வந்து நிற்கிறீர்கள்.

அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலிஸ் தாயான பிறகு 1969இல் ஓர் அறிக்கை எழுதினார். புதிதாகப் படைப்பவனுக்குக் கலைஞன் என்று பெயர், படைத்ததைத் துடைத்துக் கழுவிக் காப்பவளுக்கு ஒரு பெயரும் இல்லை, ஆகவே என் பராமரிப்பு வேலையையே கலை என்று அறிவிக்கிறேன் என்பது அதன் சாரம். பத்து வருடம் கழித்து நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் 8,500 தொழிலாளர்களையும் தேடிப்போய் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி நன்றி சொன்னார். நம் கல்லூரிகளின் மகளிர் தினக் கொண்டாட்டத்தில் இந்தப் பெயரை நான் ஒருமுறையும் கேட்டதில்லை. கோலப்போட்டி உண்டு, அடுப்பில்லாச் சமையல் உண்டு, சில வருடங்களாக 'கழிவிலிருந்து கலை'யும் உண்டு.

அந்தக் 'கழிவிலிருந்து கலை' போட்டி ஒன்றுக்கு நான் நடுவராக இருந்தேன். கல்லூரி எது என்பது இங்கே வேண்டாம். நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள். பாட்டிலில் பூ ஜாடி, ஐஸ்கிரீம் குச்சியில் வீடு, திருமணப் பத்திரிகையில் பிள்ளையார், பழைய சேலையைப் பின்னிய மிதியடி ஏழெட்டு. ஒரு மாணவி, முதல் தலைமுறைப் பட்டதாரி, ஹாஸ்டல் பிள்ளை, வெள்ளைத்தாள் விரித்து அதன்மேல் ஐந்து துணிகளை வரிசையாக அடுக்கியிருந்தாள். நூல் சேலையைக் கிழித்து, மடித்து, ஓரம் தைத்து, இரண்டு பக்கமும் நாடா வைத்தவை. முன்னால் ஒரு அட்டை. அதில் பொருளின் பெயர் எழுதியிருந்தாள், நேராக. தீட்டுத்துணி. கீழே, 'மூலப்பொருள்: அம்மாவின் சேலை.'

அரைமணி நேரத்தில் சிறப்பு விருந்தினர் வருகிறார். அவர் ஆண். ஒருங்கிணைப்பாளர் அம்மா என் காதருகே வந்து, "மேடம், இத மட்டும் கொஞ்சம்…" என்றார். நான் பெண் உடலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. மாதவிடாய் என்று தலைப்பிட்டே ஒன்று எழுதியிருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த நான்தான் அந்தப் பெண்ணிடம் போய், "ரொம்ப நல்லாருக்குப்பா, இதத் தனியா அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி, ஐந்து துணியையும் அட்டையோடு சேர்த்து மேசைக்கடியில் வைத்தேன். அவள் மறுக்கவில்லை. "சரிங்க மேடம்" என்றாள். அம்மா வேலியைப் பார்க்காமல் போனது மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் பரிசு திருமணப் பத்திரிகைப் பிள்ளையாருக்குப் போனது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

அம்மாவின் சேலைப் பட்டியலில் நான் விட்டது இதைத்தான். தொட்டிலும் சும்மாடும் பிடிதுணியும் ஆன பிறகு, எதற்கும் ஆகாது என்ற பின்னும், சேலைக்கு ஒரு வேலை இருந்தது. அல்லது எல்லா வேலைக்கும் முன்பே, நல்ல மெதுவான பகுதியை யாரும் பார்க்காமல் கிழித்துத் தனியாக எடுத்துவைத்துக்கொள்வார்கள். இந்த நாட்டுப் பெண்கள் பழைய பொருளுக்குக் கண்டுபிடித்த மிக முக்கியமான புதிய பயன் அது. நூற்றாண்டுகளாக, கோடிக்கணக்கான வீடுகளில், மாதாமாதம் நடந்திருக்கிறது. எந்த வீட்டுக்குறிப்புப் பக்கமும் அதை அச்சிடவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21) 15 முதல் 24 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் பாதிப்பேர் மாதவிடாய்க்குத் துணி பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாப்கினும் பயன்படுத்துகிறவர்கள் உட்பட, பாதிப்பேர். பழங்காலத்துச் சங்கதி இல்லை.

துணியில் குற்றமில்லை. நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்த நூல்துணி போதுமான துணிதான். ஆனால் வெயில் வேண்டுமே. அம்மாவின் மற்றத் துணியெல்லாம் கொடியில் காய்ந்தது. இது மட்டும் மாட்டுக்கொட்டகையின் ஓலைச் செருகலுக்குள், இன்னொரு துணிக்கு அடியில், ஈரம் போகாமல் காய்ந்தது. மழைக்காலத்தில் காயாமலே உடுத்தினாள். தொடையிடுக்கு வெந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு களையெடுக்கப் போவாள். நான் வயதுக்கு வந்தபோது அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். எப்படி மடிப்பது, எங்கே ஒளிப்பது. சேலைக்குத் தொட்டிலாகத் தொங்க உத்தரம் இருந்தது, வேலியாக நிற்கச் சாலையோரம் இருந்தது, இந்த வேலைக்கு மட்டும் வீட்டில் ஓரடி வெயில் இல்லை.

நாப்கின் வந்ததே, தீர்ந்ததல்லவா என்று கேட்பார்கள். பாதி தீர்ந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டார்கள். பெண்கள் ஒரு வருடம் போராடிய பிறகு 2018 ஜூலையில் நீக்கினார்கள். தமிழ்நாட்டில் 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, அதன் அருமை துணி ஒளித்த எனக்குத் தெரியும். ஆனால் கடை நாப்கினில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். எங்கள் ஊரில் அதை எரிக்கிறார்கள் அல்லது ஓடைக்கரையில் வீசுகிறார்கள். நகரத்தில் அதைக் குப்பையிலிருந்து கையால் பிரித்தெடுப்பது ஒரு தூய்மைப் பணியாளர், பெரும்பாலும் தலித் பெண். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், தயாரிப்பாளர் தரும் உறையில் சுற்றிப் போடவேண்டும் என்றன. உறை தராத கம்பெனியை யார் கேட்டார்கள்? உடனே இப்போது நகரத்துக் கடைகளில் 'மறுபயன்பாட்டுத் துணி நாப்கின்' வந்திருக்கிறது, பூப்போட்ட துணியில், பட்டன் வைத்து, ஒன்று இருநூறு முந்நூறு ரூபாய்க்கு. நல்லதுதான், நான் பழிக்கவில்லை. அந்த ஹாஸ்டல் பிள்ளையின் மேசை மீது இருந்தது அதே பொருள். ஒன்றுக்குப் பேர் சூழல் உணர்வு, மற்றதற்குப் பேர் அசிங்கம். வித்தியாசம் பட்டன் அல்ல.

இனிச் சொல்வது என் வீட்டைப் பற்றியது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அம்மா துவைத்தது எல்லா மாதத் துணியையும் அல்ல. என் அப்பத்தா காலத்திலும், அம்மா மருமகளாக வந்த தொடக்க வருடங்களிலும், தூரமான நாட்களின் சேலையைத் துவைத்துத் தர எங்கள் ஊரில் ஒரு வண்ணார் வீட்டு அம்மா வருவார். மாற்றுச் சேலையும் கொண்டுவருவார். நான் பூப்பெய்திய அன்று உடுத்தியிருந்த துணி அவருக்குத்தான் போனது, அது முறை. அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், ஒருமையில். எங்கள் வீட்டில் யாரும் திருத்தவில்லை. கிழிந்த சேலையை அம்மா அவருக்குக் கொடுத்தபோது அதற்குப் பெயர் தர்மம். ராத்திரிச் சோறு வாங்க வரும்போது அந்தச் சேலையை உடுத்திவந்தால், "நம்ம சேலை அவளுக்கு எப்பிடி இருக்கு பாரு" என்று சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டுச் சேலையின் கடைசி வேலை இதுவாகவும் இருந்தது, இன்னொரு பெண்ணுக்குப் புதுத்துணி வாங்கும் கூலியைக் கொடுக்காமல் தட்டிக்கழிப்பது. பழசைக் கொடுத்துக் கொடுத்தே கூலியை மறைத்த கதைதான் இந்த நாட்டின் மறுபயன்பாட்டு வரலாற்றில் பெரிய அத்தியாயம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நான் பள்ளி மாணவி. கல்லூரியில் அதைப் படித்தபோது ஆரோக்கியத்தின் முகம் எங்கள் கொல்லைவாசலில் நின்ற அந்த முகமாகவே தெரிந்தது. முதுகலையில் குறுந்தொகையும் நற்றிணையும் நடத்துகிறேன். 330ஆம் பாட்டிலும் 90ஆம் பாட்டிலும் துணிக்குக் கஞ்சிப்பசை போட்டு அலசும் புலைத்தி வருகிறாள். உரைகள் உவமையின் அழகைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நான் வகுப்பில் அந்த இடத்தில் நிற்கிறேன். அவளுக்கு என்ன கூலி என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். பாட்டில் இல்லை.

பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்தியிருந்தது ஈரும் பேனும் அடைந்த, வேர்வையில் ஊறிய, வேற்று நூல் ஓட்டித் தைத்த கந்தல். அரசன் அதைக் களையச் செய்து பாம்புச் சட்டை போன்ற மெல்லிய துணி தருகிறான். கொடைச் சிறப்பு என்று எழுதினால் ஐந்து மதிப்பெண். அந்தக் கந்தலை இத்தனை நாள் தைத்துத் தைத்துத் துணியாகவே வைத்திருந்தது யார்? பொருநனுடன் வந்த பெண்ணின் கை என்று நான் நினைக்கிறேன். பாட்டு அதைச் சொல்லவில்லை, என் ஊகம்தான், ஆனால் அவன் தைத்திருப்பான் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையைத் துறந்ததை நமக்குப் பள்ளியிலிருந்தே சொல்கிறார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பு சம்பாரணில் நடந்ததை அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். பீத்திஹர்வாவுக்கு அருகிலிருந்த ஒரு சிறிய கிராமத்தில் சில பெண்களின் உடை அழுக்காக இருந்தது. ஏன் துவைப்பதில்லை என்று கேட்கச் சொல்லிக் கஸ்தூர்பாவை அனுப்பினார். ஒரு பெண் கஸ்தூர்பாவைக் குடிசைக்குள் கூட்டிப்போய், பார், பெட்டி இல்லை, அலமாரி இல்லை, உடுத்தியிருக்கிற ஒன்றுதான் என் சேலை, இதை எப்படித் துவைப்பேன் என்று கேட்டாள். இரண்டு உள்ளவர்தான் ஒன்றைத் துறக்க முடியும். இரண்டு உள்ளவளிடம்தான் பழசை வேறொன்றாக்கு என்று சொல்லவும் முடியும். தமிழ்நாட்டில் 1983இல் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை தொடங்கியபோது கேலி பேசியவர்கள் அலமாரி உள்ளவர்கள்.

இன்னொன்று. பழசைத் திரும்பப் பயன்படுத்துவது எப்போதும் புண்ணியம் என்பது போன்ற பேச்சு எங்களை மாதிரிச் சம்சாரி வீடுகளில் ஆபத்தானது. பூச்சிமருந்து காலியான கேனைக் கழுவிவிட்டுத் தண்ணீர் மொள்ள வைத்திருப்பதை இன்றைக்கும் காட்டுச் சாளைகளில் பார்க்கலாம். நல்ல கெட்டி பிளாஸ்டிக், இறுக மூடும், எறிய மனசு வராது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் கந்தாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். பூச்சிமருந்து இருந்த கலனில் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் சொல்லின. அந்தக் கேனைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அது வீட்டுக்குள் வரவே கூடாது. சில பொருள்களைப் பொறுத்தவரை, எறிவதற்குச் சரியான இடம் கேட்பதுதான் பொறுப்பு, அடுப்படியில் அதற்கு இன்னொரு வேலை தேடுவது அல்ல.

அப்படியானால் எல்லாவற்றையும் எறிந்துவிடலாமா என்று கேட்பீர்கள். இல்லை. பழசைக் கையாள்வதில் பெண்களுக்கு இருந்த அறிவை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை, அதை அறிவு என்று எழுதாததைத்தான் கேட்கிறேன். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்டு என்று ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழைய துணியில் மெத்தை விரிப்பு தைத்தார்கள், குளிருக்கு. 1942இல் மிசூரி பெட்வே என்கிற பெண் இறந்துபோன தன் கணவனின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு விரிப்பு தைத்தார், அதைப் போர்த்திக்கொண்டு அவரை நினைத்துக்கொள்ள. முழங்கால் தேய்ந்த இடம் அந்தத் துணியில் நிறம் மாறித் தெரிகிறது. 2002இல் அந்தப் பெண்களின் விரிப்புகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் சுவரில் தொங்கின, நவீன ஓவியத்துக்கு நிகர் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அருங்காட்சியகம் வந்தபிறகு விலை யாருக்குப் போகிறது என்ற சண்டையும் வந்தது. வரட்டும், அந்தச் சண்டையாவது நடக்கட்டும். என் அம்மாவின் உரச்சாக்குப் படுதாவில், யூரியா எழுத்தும் பொட்டாஷ் எழுத்தும் மாறிமாறி வரும்படி அவள் மூட்டியிருப்பாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, பாக்க நல்லாருக்குமுன்னுதான்" என்றாள். அதில்தான் சோளம் காய்ந்தது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வரத் தொடங்கியபோது அம்மா அந்த ஆயிரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குக் குடுக்குறாங்க?" என்று கேட்டாள். வீட்டில் செய்யும் வேலைக்கு என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எந்த வருசத்துல இருந்து?" என்றாள். கிண்டலாகக் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது மாதப் பணத்தில் சின்னாளபட்டியில் ஒரு சேலை எடுத்தாள். கத்திரிப்பூ நிறம். அதைத் துவைத்தால் கொடியில் போடுவதில்லை, உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அந்த ஹாஸ்டல் மாணவியை அடுத்த வாரமே துறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க மேடம்" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த அட்டைய நான் திரும்ப எடுத்துக்கல, அது உங்ககிட்டதான் இருக்கு" என்றாள். இருக்கிறது.

இந்த வருட மகளிர் தினச் சுற்றறிக்கை போன வாரம் வந்தது. அதே போட்டி. நடுவராக இருக்கச் சம்மதம் கேட்டிருந்தார்கள். சம்மதம் என்று எழுதி, கீழே மூன்று விஷயம் சேர்த்துக் கொடுத்தேன். மாணவர்களும் ஆண் பேராசிரியர்களும் ஊசி நூலோடு கலந்துகொள்ள வேண்டும். சேலையை மூலப்பொருளாகக் கொண்டுவருகிறவர், அது யாருடையது, அவரிடம் கேட்டு எடுத்ததா என்று அட்டையில் எழுத வேண்டும். சிறப்பு விருந்தினர் வருகிறார் என்பதற்காக எந்த மேசையிலிருந்தும் எதுவும் எடுக்கப்படக் கூடாது. முதல் இரண்டையும் பரிசீலிக்கலாம், மூன்றாவதைப் பற்றி நேரில் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. நாளை காலை பத்தரைக்குப் போகிறேன், அட்டையை எடுத்துக்கொண்டு.